கொடுத்த மாத்திரைக்குக் கணக்கு இருக்கிறது, விழுங்கிய மாத்திரைக்கு?

பதிவேட்டுக்காரி

வணக்கம். கர்ப்பிணிகளுக்கான இரும்புச் சத்து மாத்திரைத் திட்டம் ஒன்றை நான்கு மாதமாகப் பார்த்துக்கொள்கிறேன். சின்னச் சின்ன சுகாதார நிலையங்கள் சில என் பொறுப்பில் இருக்கின்றன. பதிவேட்டைப் புரட்டினால் குறையே சொல்ல முடியாது. பெயர், எத்தனையாவது மாதம், கொடுத்த மாத்திரை, கையெழுத்து, எல்லாம் வரிசையாக இருக்கும். மாத அறிக்கையும் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 இருந்தவர் எட்டாம் மாதத்திலும் 9-லேயே நிற்கிறார்.

போன வாரம் அப்படி ஒரு பெண்ணின் வீட்டுக்கே போனேன். மாத்திரை பற்றிக் கேட்டதும் முதலில் "சாப்பிடுறேன்க்கா" என்றாள். கொஞ்ச நேரம் வேறு பேச்சு பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவளாகவே எழுந்து போய்த் துணிப் பெட்டியைத் திறந்து, மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து ஆறு அட்டைகளை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். பத்து மாத்திரை அட்டைகள். ஒன்றில் மட்டும் மூன்று குழி காலி, மற்ற ஐந்தும் பிரிக்கவே இல்லை. "குடுத்ததைத் தூக்கிப் போட மனசு வரலைக்கா" என்றாள். எங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 60 என்று இருக்கிறது. அவள் உடம்புக்குள் போனது மூன்று.

இதில் எதை முதலில் சரிசெய்வது? மாத்திரையை மாற்றுவதா, பேச்சை மாற்றுவதா, பதிவேட்டை மாற்றுவதா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பேறுகால_செவிலி

தங்கச்சி, அந்தப் பெண் உன்னை நம்பி எடுத்துக் காட்டினாள் பார், அதுவே பெரிய விஷயம். பலர் காட்டவே மாட்டார்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் கர்ப்பிணிகளைப் பார்க்கிறேன், என்னைக் கேட்டால் முதலில் பேச்சுதான்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். அது அவர்கள் பொய் சொல்வது இல்லை, கேள்வியிலேயே பதிலை நாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நான் இப்படித்தான் கேட்பேன்: "இந்த ஒரு வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு? எல்லாருக்கும் விட்டுப்போகும்." உடனே "மூணு நாள்", "நாலு நாள்", "போன வாரம் முழுக்கவே எடுக்கலை" என்று வந்துவிடும். அதற்கப்புறம் முகம் மாறாமல் "ஏன், குமட்டலா, வயிறு இறுகுதா, ஞாபகம் இல்லையா?" என்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் நம் முகம் சுளித்தால் அடுத்த தடவை நிஜம் வராது.

காரணம் என்று பார்த்தால் குமட்டல்தான் முதலில். மசக்கை இருக்கும் மாதங்களில் வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் எவருக்கும் புரட்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் வாந்தியில் போன மாத்திரையில் என்ன ஏறும்? இரவு சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும் முன் போடச் சொல்வேன். கொஞ்சம் குறைவாக ஏறினாலும் தினமும் உள்ளே போகிறது. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நார்ச்சத்து, நடை. அதற்கும் மசியவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு மருந்து.

கறுப்பு மலத்தைப் பற்றி மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. உடம்பில் ஏறாத இரும்புதான் அப்படிக் கறுப்பாக வெளியே வருகிறது, பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி. அது தெரியாத பெண் மூன்றாம் நாள் அதைப் பார்த்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று நடுங்கி நிறுத்திவிடுவாள். உன் அட்டையில் மூன்று குழி காலி என்கிறாய். எனக்கென்னவோ அந்தக் கணக்கு சரியாக இருக்கிறது.

பதிவேட்டுக்காரி

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு இன்று அவளிடம் போனில் கேட்டேன். அதேதான். கறுப்பாகப் போனதும் மாமியார் "நிறுத்திடு" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கும் இதை யாரும் சொல்லவில்லையே, அவரைக் குறை சொல்லி என்ன பயன்.

சத்தியல்_மாணவன்

நான் ஊட்டச்சத்தியல் படிக்கிறேன், பாடத்தில் உள்ளதை வைத்துச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பரிந்துரையில் தினமும் 30 முதல் 60 மி.கி. தனிம இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் என்று இருக்கிறது. கர்ப்பிணிகளில் 40 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை உள்ள இடங்களில் 60 மி.கி. நல்லது. ரத்தசோகை 20 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள இடத்தில், தினமும் போட முடியாத அளவுக்குத் தொந்தரவு இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை 120 மி.கி. இரும்பு, 2,800 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

'தனிம இரும்பு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாத்திரையிலுள்ள இரும்பு உப்பின் (சேர்மத்தின்) மொத்த எடை அல்ல, அதற்குள் இருக்கும் இரும்பின் எடை மட்டும். 60 மி.கி. தனிம இரும்பு வேண்டுமானால் ஃபெரஸ் சல்ஃபேட் 300 மி.கி., ஃபெரஸ் ஃபியூமரேட் 180 மி.கி., ஃபெரஸ் குளுக்கோனேட் 500 மி.கி. தேவை. அட்டையில் எது அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள் அக்கா. உப்பின் எடையை இரும்பின் எடை என்று நினைத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அளவே தப்பாகிவிடும்.

ஒரு சந்தேகம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் நன்றாக ஏறுகிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி அடுத்த நாள் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று விளக்கம். அதையே இங்கும் செய்யலாமா? தொந்தரவும் குறையுமே.

மகப்பேறு_மருத்துவர்

தம்பி, நல்ல கேள்வி, ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் கர்ப்பிணிகள் இல்லை. இரும்பு இருப்பு குறைந்த, ஆனால் ரத்தசோகை வராத இளம் பெண்கள். கர்ப்பத்தில் தேவையே வேறு. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மி.கி. இரும்பு வேண்டும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஏறத்தாழ 300, தாயின் சிவப்பணுக்கள் பெருக 500, மீதி வழக்கமான இழப்பு. இதில் பெரும்பகுதி பின்பாதி மாதங்களில்தான் கேட்கும். ஆகவே திட்ட அளவில் யாரும் தாமாக ஒருநாள்விட்டு ஒருநாள் என்று மாற்ற வேண்டாம். ஒரு குறிப்பிட்ட பெண்ணுக்குத் தினமும் முடியவே முடியாது என்றால், அவரைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பதிவேட்டுக்காரிக்கு ஒன்று. தடுப்பு அளவும் சிகிச்சை அளவும் வேறு என்பது உங்கள் நிலையங்களில் எல்லாருக்கும் தெரியுமா? ஹீமோகுளோபின் 9 இருப்பவருக்கு ரத்தசோகை ஏற்கெனவே வந்துவிட்டது. அவருக்குத் தினமும் 120 மி.கி. தனிம இரும்பு, 11-ஐத் தொடும்வரை. அதன்பின் வழக்கமான அளவு. எல்லாருக்கும் ஒரே அட்டையை நீட்டும் இடங்களில் இந்தப் பெண்கள்தான் விட்டுப்போகிறார்கள்.

அளவுகோலையும் சரிபாருங்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், சிவப்பணு அந்த அளவுக்குக் கூடாது. அதனால் நடு மாதங்களில் ஹீமோகுளோபின் சற்று இறங்குவது இயல்பு. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வரம்பில் முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் 11, நடு மூன்று மாதத்துக்கு 10.5. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, அன்றே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மாத்திரையை உண்மையாகவே விழுங்கியும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் கூட (9 என்பது 10 ஆகக்கூட) ஏறவில்லை என்றால்தான் வேறு காரணம் தேட வேண்டும்: கொக்கிப்புழு, பி12 குறைவு, தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறு, நாள்பட்ட தொற்று. 57 மாத்திரை பெட்டியில் இருக்கும்போது அந்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்து அலையவிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. முதலில் அட்டையைப் பாருங்கள்.

விரல் நுனியில் ரத்தம் எடுக்கும்போது பிதுக்கக் கூடாது என்பதையும் உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வந்து எண் தவறிவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டுத் தானாக வரும் அடுத்த சொட்டை எடுக்க வேண்டும்.

ஏழாம்மாசம்

நான் இந்த வேலையில் இருப்பவள் இல்லை. மாத்திரை வாங்குகிறவள். படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஜன்னல் வழியாகத்தான் மாத்திரை வந்தது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, ஜன்னலுக்குப் போனதும் ஒரு கவரில் சிவப்பு அட்டையும் வெள்ளை டப்பாவும் போட்டுக் கொடுத்தார்கள். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு", அவ்வளவுதான். எது காலை எது ராத்திரி என்று கேட்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் இரண்டையும் சேர்த்துக் காலையில் டீயோடு போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படியே. அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஏறவில்லை என்றதும் "நீங்கல்லாம் மாத்திரையைக் குப்பையிலதான் போடுவீங்க" என்று எல்லாருக்கும் முன்னால் ஒருவர் சொன்னார். நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், அப்புறம் இரண்டு வாரம் போடவே இல்லை. கோபம்தான், வேறொன்றும் இல்லை.

இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, டீ குடித்தால் இரும்பு ஏறாது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. ஜன்னலில் இருந்தவருக்கு இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

பேறுகால_செவிலி

அம்மா, உனக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. நீ இரண்டு மாதம் விடாமல் போட்டவள், உன்னைத்தான் அவர்கள் பாராட்டியிருக்க வேண்டும். இப்போது இரும்பை இரவில் போடு, கால்சியத்தைப் பகலில் சாப்பாட்டோடு போடு, இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் இருக்கட்டும். டீ, காபி, பால் எதுவும் இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். வைட்டமின் சி உள்ள ஒரு பழம் கூட இருந்தால் நல்லது.

மருந்துக்கிடங்கு

எல்லாரும் பேச்சைப் பற்றியே எழுதுகிறீர்கள், சரிதான். ஆனால் மாத்திரை இல்லாத மாதத்தில் என்ன பேசியும் பலன் இல்லை. ஒரு தடவை வந்து "இன்னைக்கு ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று திரும்பிப் போன பெண் அடுத்த வாரம் வருவதில்லை. அவள் கூலியையோ வேலையையோ விட்டுவிட்டு வந்திருப்பாள்.

கிடங்கு பார்ப்பவனாக எனக்குத் தெரிந்த பெரிய தப்பு ஒன்று சொல்கிறேன். அடுத்த ஆண்டுக்கான தேவையைப் போன ஆண்டு கொடுத்த கணக்கை வைத்துப் போடுகிறார்கள். போன ஆண்டில் மூன்று மாதம் இருப்பே இல்லை என்று வையுங்கள். அந்த மூன்று மாதமும் பூஜ்யம். பன்னிரண்டால் வகுத்தால் சராசரி இறங்கிவிடும், குறைவாக ஆர்டர் போடுவார்கள், மறுபடி இருப்பு தீரும், அடுத்த ஆண்டு சராசரி இன்னும் இறங்கும். இருப்பு இல்லாத மாதங்களைக் கழித்துவிட்டு மீதி ஒன்பது மாதத்துக்கு மட்டும் சராசரி பாருங்கள்.

அதைவிடச் சரியான வழி, கர்ப்பிணிகளை எண்ணுவது. ஒரு நிலையத்தில் மாதம் 40 புதுக் கர்ப்பிணிகள் பதிகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆறு மாதம் தினமும் ஒரு மாத்திரை என்றால், எந்த நேரத்திலும் 240 பேர் மாத்திரையில் இருப்பார்கள். மாதத்துக்கு 7,200 மாத்திரை. ஆர்டர் போட்டு வந்து சேர இரண்டு மாதம் ஆகிறது, ஒரு மாதத்துக்குக் கைவசம் பாதுகாப்பு இருப்பு வேண்டும் என்றால், கையிருப்பு 21,600-ஐத் தொட்டதும் ஆர்டர் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு இரண்டு மாத்திரை என்று டாக்டர் சொன்னாரே, அதைத் தனியாகக் கூட்ட வேண்டும். பல இடங்களில் அதைக் கூட்டுவதே இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் ஒன்றாகவே போகிறது.

அடுக்கும்போது முதலில் காலாவதியாகும் பேட்ச் முன்னால். முதலில் வந்தது முன்னால் என்று அடுக்கக் கூடாது, பின்னால் வந்த பெட்டி சில நேரம் முன்னால் காலாவதியாகும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரம் பட்ட இரும்பு மாத்திரை நிறம் மங்கி, மேல்பூச்சு வெடித்து, ஒருவிதமான வாடை வரும். அதை ஒரு பெண்ணின் கையில் கொடுத்தால் அவள் ஜென்மத்துக்கும் தொட மாட்டாள். பெரிய டின்னிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கால்சியத்தின் தொல்லை வேறு. கால்சியம் குறைவாக உண்ணும் மக்களுக்கு ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து என்று பரிந்துரை. ஒரு பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு 540 மாத்திரை! பருமன், எடை, இடம், வண்டி வாடகை எல்லாமே மூன்று மடங்கு. அவளும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கே நடந்தது. 0.4 மி.கி. ஃபோலிக் அமிலம் கிடைக்கவில்லை என்று 5 மி.கி. மாத்திரையை அனுப்பிவிட்டார்கள். சத்துதானே, கூடினால் என்ன என்று நினைத்தார்கள் போல. மலேரியா உள்ள பகுதிகளில் கர்ப்பிணிக்குத் தடுப்பாகக் கொடுக்கும் சல்ஃபடாக்சின் பைரிமெத்தமின் மருந்தை 5 மி.கி. ஃபோலிக் அமிலம் செயலிழக்க வைக்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மகப்பேறு_மருத்துவர்

மருந்துக்கிடங்கு சார், கால்சியத்துக்கு ஒரு நல்ல செய்தி. 2024-ல் இந்தியாவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. முன்சூல்வலிப்பைத் (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வரும் ஆபத்தான நிலை) தடுப்பதில், தினமும் கொடுத்த 500 மி.கி. இரு நாட்டிலும் 1,500 மி.கி.க்குச் சளைக்கவில்லை. குறைப்பிரசவ விஷயத்தில் இந்தியாவில் அதே முடிவு, தான்சானியாவில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆகவே நாளைக்கே எல்லாரும் மாற்றிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வேளை மாத்திரை ஒரு வேளை ஆனால் எத்தனை பெண்கள் கூடுதலாக விழுங்குவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். திட்டம் வகுப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எண்கணக்கு

கண்காணிப்புப் பக்கம் வேலை செய்கிறேன். இழையின் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஊழியர்கள் செய்வார்கள். 'கொடுத்த மாத்திரை' என்று கட்டம் வைத்தால் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கான 180 மாத்திரையையும் ஒரே நாளில் கொடுத்துக் கட்டத்தை நிரப்புவதும் நடக்கும்.

மாத மொத்தம் எதையும் சொல்லாது. இந்த மாதம் பதிந்த 40 பேரை ஒரு குழுவாக எடுத்து, அவர்களில் எத்தனை பேர் 12 வாரத்துக்குள் வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் தடவை மாத்திரை வாங்க வந்தார்கள், எத்தனை பேர் 90 மாத்திரை விழுங்கினார்கள், எத்தனை பேர் 180 விழுங்கினார்கள் என்று பிரசவம்வரை கூடவே போக வேண்டும். எங்கே உதிர்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில்தான் நிறையப் பேர் போய்விடுவார்கள், அதாவது அந்தக் கறுப்பு மல வாரங்களில். முதல் அட்டை கொடுத்து ஏழாம் நாளுக்குள் ஒரு போன் அல்லது ஒரு வீட்டுப் பார்வை, அந்த ஒன்றுக்கு ஆள் ஒதுக்குங்கள். மற்ற எல்லாக் கூட்டங்களையும் விட அது பெரிது.

காலி அட்டையைக் கொண்டுவந்தால்தான் அடுத்த அட்டை என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அட்டையைக் காலி செய்வதற்காகவே மாத்திரையைப் பிரித்துக் கொட்டுவார்கள், எண்ணும் வராது, உண்மையும் வராது. செவிலி அக்கா சொன்ன மாதிரி கேள்வியும், முன்னறிவிப்பு இல்லாமல் சில வீடுகளில் மட்டும் சிரித்த முகத்தோடு எண்ணிப் பார்ப்பதும் போதும்.

பதிவேட்டுக்காரி

ஐயோ, காலி அட்டை விதியை நானே அடுத்த மாதத்திலிருந்து கொண்டுவரலாம் என்று எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிடுகிறேன்.

சத்தியல்_மாணவன்

பல்நுண்சத்து மாத்திரை பற்றி யாரும் பேசவில்லையே? ஒரே மாத்திரையில் 15 வைட்டமின்களும் தாதுக்களும். இரும்பு 30 மி.கி.தான் இருக்கிறது. இதற்கு மாறினால் நல்லதா?

மகப்பேறு_மருத்துவர்

1999-ல் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து வகுத்த கலவை அது. இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் 31,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகளிடமும், வங்கதேசத்தில் 44,000-க்கும் அதிகமானவர்களிடமும் இரும்பு ஃபோலிக் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் ஆய்வில் மூன்று மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள், இரண்டாவதில் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் குறைந்தன. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஆய்வோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றது, 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நல்ல மாத்திரை என்பதுதான் என் கருத்து, தாய் எடை குறைந்தவராகவோ ரத்தசோகை உள்ளவராகவோ இருந்தால் குழந்தைக்குப் பலன் இன்னும் கூடுதல். ஆனால் மாறும்போது பழைய அட்டையும் புது டப்பாவும் ஒரே நேரத்தில் வெளியே போகக் கூடாது, இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ரத்தசோகை வந்துவிட்டவருக்கு அதிலுள்ள 30 மி.கி. மட்டும் போதாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புது மாத்திரை வந்தாலும் அந்தத் துணிப் பெட்டிக்குள்தான் போகும் என்றால் 15 சத்து இருந்து என்ன, 50 இருந்து என்ன?

ஃபோலிக் அமிலம் பற்றி இத்தனை பேசுகிறோம், அதன் கதையே கர்ப்பிணிகளிடமிருந்து வந்ததுதான். லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அதிலிருந்த அந்தப் பொருள்தான் ஃபோலேட் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு இதை நினைத்தால் எப்போதும் மனசு நிறையும். அந்தச் சத்து குழந்தையின் நரம்புக்குழல் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) மூடுவதற்கு வேண்டும், அது கருவான 28-ஆம் நாளுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வேளையில் பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாது. நம் பதிவேடு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் வழி திட்டத்தில் இருந்தாக வேண்டும்.

உணவுப்பொட்டலம்

நான் மாத்திரைப் பக்கம் இல்லை, கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்து உணவு கொடுக்கும் பக்கம். எங்கள் பிரச்சினை நேர் எதிர். மாத்திரையைப் பெட்டியில் வைப்பார்கள், உணவைப் பகிர்ந்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்கான பொட்டலம் வீட்டுக்குப் போனால் பத்து நாளில் தீர்ந்துவிடும். வீட்டில் இரண்டு குழந்தைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவாள்? அதைத் 'தவறான பயன்பாடு' என்று அறிக்கையில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

மையத்திலேயே வந்து தினமும் சாப்பிடச் சொன்னால் பகிர்வு குறையும், ஆனால் நிறைமாதத்தில் தினமும் நடந்து வர முடியாது. என் அனுபவத்தில் வீட்டுக்குப் பொட்டலம் கொடுப்பதுதான் மேல். கூடவே குழந்தைகளுக்கும் தனியாக ஒரு சிறு பங்கு சேர்த்துக் கொடுத்தால் தாயின் பங்கு தாயிடம் நிற்கிறது. செலவு கூடும்தான். கொடுத்தும் அவள் வயிற்றுக்குப் போகாத உணவுக்கு ஆகும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எண்கணக்கு

இதில் நான் உடன்படவில்லை. எல்லா வீட்டுக்கும் கூடுதல் பங்கு என்றால் பட்ஜெட் தாங்காது, பாதியில் திட்டமே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையே எடை குறைந்த பெண்கள் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள மக்களுக்குத்தான். புஜச் சுற்றளவு 23 செ.மீ.க்குக் கீழ் உள்ளவர்களைத் தேர்ந்து அவர்களுக்குச் சரியாகக் கொடுக்கலாம்.

உணவுப்பொட்டலம்

நாடாவை வைத்து அளந்து 22.8 வந்தவளுக்குக் கொடுத்து, 23.1 வந்தவளை அதே வரிசையில் வெறுங்கையோடு அனுப்பிப் பாருங்கள். அடுத்த மாதம் இரண்டு பேருமே வர மாட்டார்கள். பணம் குறைவு என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் உணவு பற்றாத பருவத்தில் எல்லாருக்கும், மற்ற மாதங்களில் தேர்ந்தவர்களுக்கு என்று வைக்கலாம். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: புரதம் அதிகம் சேர்த்த பவுடரைக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று யாராவது விற்க வந்தால் விடாதீர்கள். அதிகப் புரதத் துணை உணவைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. மொத்த ஆற்றலில் புரதம் 25 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் சமச்சீர் உணவுதான் வேண்டும்.

பேறுகால_செவிலி

நடுவில் ஒன்று, மறப்பதற்குள். அந்தத் துணிப் பெட்டிக்குப் பூட்டு இருந்ததா தங்கச்சி? இரும்பு மாத்திரை சிவப்பாகப் பளபளவென்று மிட்டாய் மாதிரியே இருக்கும். பத்து கிலோ எடையுள்ள குழந்தை 60 மி.கி. மாத்திரை பத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரே ஒரு அட்டை! மாத்திரை கொடுக்கும் ஒவ்வொருவரும் "உயரத்துல வைங்க, குழந்தை விழுங்கிட்டா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று சொல்லியே ஆக வேண்டும். விழுங்காத மாத்திரை வீட்டில் குவிவது அதனாலும் கெடுதல்.

பதிவேட்டுக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெட்டிக்குப் பூட்டு இல்லை அக்கா. அன்றே போய் அட்டைகளை மேல் அலமாரிக்கு மாற்ற வைத்தேன். மாமியாரிடமும் உட்கார்ந்து பேசினேன். கறுப்பு எதனால் என்று சொன்னதும் அவரே, "அப்ப ராத்திரி நானே எடுத்துக் குடுக்குறேன்" என்றார். மருத்துவரைக் கேட்டு 120 மி.கி. தொடங்கியிருக்கிறோம். நேற்று எண்ணினேன், விட்டுப்போனது இரண்டு நாள்தான். அடுத்த ரத்தப் பரிசோதனை இனிமேல்தான்.

பதிவேட்டில் 'கொடுத்தது' பக்கத்தில் இரண்டு கட்டம் கூட்டியிருக்கிறேன். 'போன வாரம் விட்டுப்போன நாள்', 'ஏன்'. முதல் வாரத்திலேயே சில ஊழியர்கள் எல்லாருக்கும் பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள். கூப்பிட்டுத் திட்டவில்லை. அவர்களோடு வரிசையில் நின்று நானே பத்துப் பேரிடம் கேட்டுக் காட்டினேன். மாத்திரை ஜன்னலையும் மூடிவிட்டோம், மேசை போட்டு எதிரில் நாற்காலி வைத்திருக்கிறோம். வரிசை கொஞ்சம் நீள்கிறது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

மருந்துக்கிடங்கு

வரும் நாளைப் பிரித்துவிடுங்கள். புதிதாகப் பதிகிறவர்களுக்கு ஒரு நாள், மறுமுறை வாங்குகிறவர்களுக்கு வேறு நாள். புதியவர்களுக்குத்தான் பேச நேரம் வேண்டும்.

ஏழாம்மாசம்

எனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. போன வாரம் ஹீமோகுளோபின் 10.8 வந்தது, அந்த நாற்காலி எங்கள் ஊரில் இல்லையென்றாலும் இந்த இழை இருந்தது. ஒரே ஒரு சந்தேகம், குழந்தை பிறந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பேறுகால_செவிலி

நிறுத்தாதே அம்மா. பிரசவத்துக்குப் பின்னும் 6 முதல் 12 வாரம்வரை போட வேண்டும், பிரசவத்தில் போன ரத்தத்தை ஈடுகட்ட அது வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். இப்போதே உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வை, மாத்திரையை வாங்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட வேண்டாம் என்று.